கடற்கரை ஊருக்குக் குடிபோகும் சகோதரிக்கு

போன வாரம் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி தன் குழப்பத்தை எழுதிக் கேட்டிருந்தார். கணவருக்கு ராமநாதபுரம் பக்கம் ஒரு கடற்கரை ஊருக்கு மாற்றல் வந்திருக்கிறது. மகள் எட்டாவது, மகன் நான்காவது. மாமியார் கூடவே இருக்கிறார். 'அவர் மட்டும் போகட்டும், நான் பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டுச் சென்னையிலேயே இருந்துவிடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்' என்பது அவருடைய கேள்வி. படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் அது அப்படியே என் கதை. வழக்கமாகச் சமையல் குறிப்போடு நிறுத்திக்கொள்கிற நான் இத்தனை நீளமாக எழுத அதுதான் காரணம்.

எங்கள் வீடு தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் இருந்தது. கணவர் வங்கி ஊழியர். 2022 மே மாதம் தரங்கம்பாடிப் பக்கம் ஒரு கிளைக்கு மாற்றல் உத்தரவு வந்தது. மகள் எட்டாவது முடித்திருந்தாள், மகன் மூன்றாவது. மாமியாருக்கு அப்போது வயது 71. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு. நான் வீட்டிலேயே தையல் வேலை செய்து வந்தேன். பதினைந்து வருஷத்தில் தெருத் தெருவாகச் சேர்த்த வாடிக்கைக்காரர்கள் அறுபது எழுபது பேர். மாதம் ஒன்பதாயிரம், தீபாவளி மாதம் என்றால் இருபதாயிரம் வரை கையில் நிற்கும். அந்தப் பணத்துக்கு நான் யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மாற்றல் வந்த வீட்டில் எல்லோரும் பிள்ளைகள் படிப்பைப் பற்றியே பேசுவார்கள். வீட்டில் இருந்து சம்பாதிக்கிறவளின் வருமானம் யார் கணக்கிலும் வராது. சகோதரி தன் கடிதத்தில் தனக்கு வேலை உண்டா இல்லையா என்று ஒரு வரிகூட எழுதவில்லை!

சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். "அவன் அங்க ரூம் எடுத்துத் தங்கட்டும். சனி ஞாயிறு வந்துட்டுப் போகட்டும். பொம்பளைப் பிள்ளை படிப்பைக் கெடுக்காதே" என்று என் அண்ணன். "கடல் பார்க்கணும்னா மெரினா இருக்கே அண்ணி, அதுக்கு எதுக்குத் தரங்கம்பாடி?" என்று நாத்தனார். மெரினா இருக்கிறது, வாஸ்தவம்தான். முடிச்சூரிலிருந்து போய் வர அரை நாள் ஆகும். வருஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் காணும் பொங்கல் கூட்டத்தில் பிள்ளைகளைத் தொலைத்துவிடாமல் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்த கடல் அது. மற்றபடி தண்ணீர் எங்களைத் தேடி வந்ததுதான் உண்டு. 2015 டிசம்பரில் அடையாறு பொங்கி வீட்டுக்குள் இடுப்பளவு நின்றது. அதே ஊரில் 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நின்றேன்.

ஆனால் நான் முடிவெடுத்தது இதனால் இல்லை. என் அக்கா குடும்பத்தைப் பார்த்துத்தான். அத்தானுக்கு வேலை ஓசூரில். பிள்ளைகள் படிப்புக்காக அக்கா சென்னையிலேயே இருந்துவிட்டாள். ஒரு வருஷம் இரண்டு வருஷம் என்று ஆரம்பித்தது பதினோரு வருஷமானது. அத்தான் ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை வருவார். வந்தால் கறி எடுப்பார்கள், விருந்தாளி வந்த மாதிரி. பிள்ளைகள் எதற்கும் அவரிடம் அனுமதி கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதும் இல்லை. இப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார். ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டுமென்றால்கூட டம்ளர் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்கிறார். அக்கா இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"போனா எல்லாரும் போவோம்" என்றேன். என் கணவருக்கே ஆச்சரியம். மாமியார், "உங்க மாமா போனதுக்கு அப்புறம் எனக்கு எந்த ஊரா இருந்தா என்ன? பேரப் பிள்ளைங்க இருக்கிற இடத்துல ஒரு பாயைப் போடு, போதும்" என்று சொல்லிவிட்டார். மகள்தான் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அவள் பேட்மின்டன் நன்றாக ஆடுவாள். பள்ளிக்கூட அணியில் இருந்தாள், தனியாகப் பயிற்சிக்கும் போய்க்கொண்டிருந்தாள். நான் சமாதானமாக, "பொம்பளைப் பிள்ளைங்களுக்கு 1707லயே பள்ளிக்கூடம் திறந்த ஊருடி அது" என்று எங்கோ படித்ததைச் சொன்னேன். "அந்தப் பள்ளிக்கூடத்துல பேட்மின்டன் கோர்ட் இருந்துச்சாம்மா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ஊரில் வாலிபால் ஆடுகிறார்கள், கபடி ஆடுகிறார்கள். அவள் ஆடிய மாதிரி உள்ளரங்கமும் பயிற்சியாளரும் கிடைக்கவில்லை. அவளுடைய மட்டை பரண்மேல் உறை போட்டபடி இருக்கிறது. சகோதரி, உங்கள் மகளுக்கு இப்படி ஏதாவது ஒன்று இருந்தால், 'அதெல்லாம் அங்கேயும் இருக்கும்' என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள். நான் அப்படித்தான் சொன்னேன். கோபப்பட்டாள். ஆனால் ஏமாற்றிவிட்டாய் என்று அவள் என்னைச் சொன்னதில்லை.

ஜூன் முதல் வாரம் லாரியில் சாமான்கள் இறங்கின. கோட்டைக்குப் போகிற தெருக்களை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, கடலிலிருந்து அரைக் கிலோமீட்டரில் வாடகை வீடு. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று இறங்குகிற ஒவ்வொரு சாமானையும் பார்த்தார். மீனவர் குடும்பம், ஐம்பது வயதிருக்கும். என் கல்யாணச் சீரான இரும்பு பீரோ இறங்கியதும், "ஏம்மா, இதையா இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தீங்க? கடக்காத்து தின்னுப்புடுமே!" என்றார். வந்ததும் வராததுமாக இது என்ன பேச்சு என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அன்று சாயங்காலமே அவர் காவிச் சாயம் ஒரு டப்பாவும் உப்புத்தாளும் கொண்டுவந்து, பீரோவின் நாலு காலையும் அடித்தட்டையும் தேய்த்து இரண்டு கோட்டிங் அடிக்க வைத்தார். அதற்குக் கீழே மரக்கட்டை. மாதம் ஒரு தடவை தேங்காய் எண்ணெய்த் துணியால் கீலைத் துடைக்கச் சொன்னார். அதனால்தான் என் பீரோ இன்றும் நிற்கிறது. முதுகுப் பக்கம் மட்டும் கை வைத்தால் செதில் செதிலாக வருகிறது. அதைச் சுவரோடு ஒட்டி மறைத்துவிட்டேன்.

இந்த உப்புக் காற்றைப் பற்றி நகரத்துக்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. வந்து பார்த்தால்தான் தெரியும். கிரில், கீல், தாழ்ப்பாள், மின்விசிறியின் கூண்டு, பிரிட்ஜின் அடிவிளிம்பு, கேஸ் அடுப்பின் பர்னர், சைக்கிள் செயின், எல்லாவற்றிலும் பழுப்பு பூக்கும். உப்பு ஜாடியில் உப்பு தண்ணீராக நிற்கும். ஒரு பிடி அரிசியைத் துணியில் முடிந்து போட்டால் கொஞ்சம் தாங்கும். அப்பளம் பொரித்த அரை மணியில் நமுத்துப் போகும். என் தொழிலிலும் அது கை வைத்தது. ரவிக்கைக்குத் தைக்கிற கொக்கி இருக்கிறதே, சாதாரண இரும்புக் கொக்கி, இரண்டே மாதத்தில் துருவேறி, பட்டு ரவிக்கையில் கறை இறக்கிவிடும். கறை போகவே போகாது. இங்கே பழைய தையல்காரர்கள் பித்தளைக் கொக்கிதான் வைக்கிறார்கள். நானும் மொத்தமாகக் கும்பகோணத்தில் வாங்கி வைத்துக்கொண்டேன். ஊசிகளை எண்ணெய் தொட்ட கம்பளித் துணியில் சுருட்டி டப்பாவில் மூடி வைப்பேன். மெஷினை வேலை முடிந்ததும் துடைத்து, எண்ணெய் விட்டு, பழைய போர்வை போட்டுத்தான் மூடுவேன். சென்னையில் வாரம் ஒரு தடவை செய்ததை இங்கே தினமும் செய்கிறேன்.

கடற்கரை என்றால் சிலுசிலுவென்று காற்று என்று நினைப்போம். மே மாதம் காலை பதினோரு மணிக்கு வந்து பாருங்கள்! கடற்காற்று மத்தியானம்தான் உள்ளே வரும். மேற்கிலிருந்து அனல் காற்று பலமாக இருக்கிற நாளில் மூன்று மணியானாலும் வராது. அதுவரை ஒரு இலை அசையாது, வியர்வை காயாது. பிறகு கொண்டல் எடுத்தால் அத்தனையும் மறந்துபோகும். அது வேறு விஷயம். ஓசோன் காற்று என்று சொல்லி வெளியூர்க்காரர்கள் கார் கட்டிக்கொண்டு இங்கே வருகிறார்கள். என் மாமியாரின் மூட்டு வலி மூன்று வருஷமாக அப்படியேதான் இருக்கிறது!

தண்ணீர் பற்றிச் சொல்ல வேண்டும். வீடு பார்க்கப் போகும்போது அறை எத்தனை, வெளிச்சம் எப்படி என்று பார்ப்போம். கடற்கரை ஊரில் முதலில் கிணற்று நீரை வாயில் விட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டுப் போர் தண்ணீர் கரிப்பு. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, தலைக்கு ஊற்றினால் முடி சிக்குப் பிடித்துக் கயிறாகும். குழாய்த் தண்ணீர் வருகிற நேரத்துக்கு வீட்டில் ஆள் இருக்க வேண்டும். அக்கா வீட்டில் மழைக்காலத்தில் மொட்டை மாடித் தண்ணீரை வெள்ளைத் துணி கட்டி அண்டாவில் பிடித்து வைக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் வேகவைத்த துவரம்பருப்பு மாதிரி வெண்ணெயாக நான் பார்த்ததில்லை. லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த எனக்கு இது பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. ஆனால் துணி துவைக்க ஒரு தண்ணீர், சமைக்க ஒரு தண்ணீர், குளிக்க ஒரு தண்ணீர் என்று பிரித்து வைத்துப் பழக எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

மீன் விஷயத்தில் மட்டும் ராஜ வாழ்க்கை. கூடைக்காரம்மா வாசலில் வந்து கூறு கட்டி வைப்பார். எடை கிடையாது. நூறு ரூபாய்க் கூறு, இருநூறு ரூபாய்க் கூறு என்றுதான் பேச்சு. முதலில் வஞ்சிரம் தவிர வேறு மீன் தெரியாத குடும்பம் நாங்கள். இப்போது மகன் கிழங்கான், காரப்பொடி, சங்கரா, வாளை என்று கூடையைப் பார்த்தே சொல்கிறான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த இரண்டு மாதமும் நாட்டுப்படகில் வருகிற சின்ன மீன்தான். விலையும் ஏறும். அப்போது கருவாட்டுக் குழம்பும் மாங்காயும் கைகொடுக்கும். மீன் சாப்பிடாத குடும்பமாக இருந்தால் சகோதரி கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும். நல்ல காய்கறிக்கு நாங்கள் வாரம் ஒரு முறை மயிலாடுதுறை போய் வருகிறோம். சுமார் முப்பது கிலோமீட்டர். 1926ல் போட்ட ரயில் பாதை ஒன்று மயிலாடுதுறையிலிருந்து இங்கே வந்ததாம், 1986ல் நிறுத்திவிட்டார்களாம். அதை இன்னமும் இங்குள்ள பெரியவர்கள் நேற்று நடந்தது மாதிரி சொல்லி அங்கலாய்க்கிறார்கள்.

என் தையலுக்கு வருகிறேன். முதல் ஆறு மாதம் ஒரு ரவிக்கைகூட வரவில்லை. சென்னையில் லைனிங் வைத்த ரவிக்கைக்கு 450 வாங்கியவள், இங்கே 220க்குத் தைக்க ஆள் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். கையில் காசில்லாமல் கணவரிடம் பூ வாங்கக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்தது என்று இதைப் படிக்கிற பலருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, பணத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவர் சொல்லாததும் எனக்குக் குத்தியது. சென்னை வாடிக்கைக்காரர்கள் இரண்டு பேர் அளவு ரவிக்கையும் துணியும் கூரியரில் அனுப்பினார்கள், அதுவும் நின்றுபோனது. பிறகு பக்கத்து வீட்டு அக்காவின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வந்தது. பெண்ணுக்கு ஐந்து ரவிக்கை, நாத்தனார்களுக்கு ஒன்பது. ஆரி வேலையும் சேர்த்துச் செய்தேன். கல்யாணத்துக்கு வந்தவர்கள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம். அடுத்த மாதத்திலிருந்து காரைக்காலிலிருந்துகூட வர ஆரம்பித்தார்கள். இப்போது மாதம் ஆறாயிரம், ஏழாயிரம். சென்னை வருமானத்தை எட்டவில்லை. எட்டும் என்றும் தோன்றவில்லை. சகோதரி, உங்களுக்குக் கைத்தொழில் இருந்தால் ஆறு மாதச் செலவுக்கு உங்கள் பெயரில் தனியாகப் பணம் ஒதுக்கி வைத்துக்கொண்டு கிளம்புங்கள். இதை வெட்கப்படாமல் கணவரிடம் கேளுங்கள்.

கடலைப் பற்றிய பயம் உங்கள் கடிதத்திலும் தெரிந்தது. அது நியாயமான பயம்தான். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, சுனாமி இந்த ஊரிலும் அடித்தது. குடிவந்த புதிதில் ராத்திரி அலைச் சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்துவிடுவேன். ஒரு நாள் அக்காவிடமே கேட்டேன், "உங்களுக்குப் பயமா இல்லையாக்கா?" என்று. துணிக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த என் கையையே பார்த்துக்கொண்டு சொன்னார். அவருக்கு மூத்தது ஒரு பெண் பிள்ளை. ஏழு வயது. அன்று காலை பால் வாங்க அனுப்பியிருந்தாராம். அவ்வளவுதான் சொன்னார். நானும் மேலே கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கடல் தண்ணி திடீர்னு உள்வாங்குச்சுன்னா வேடிக்கை பார்க்கப் போகாதே. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு மேக்கால ஓடு. சாமான் எதையும் எடுக்காதே" என்றார். அன்று சாயங்காலமே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எந்தத் தெரு வழியாக மேற்கே போனால் மெயின் ரோடு வரும் என்று நடந்து காட்டினார். 2007லிருந்து ஹைதராபாத்தில் நம் நாட்டுச் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. செய்தி வருகிறது, தண்டோராவும் போடுகிறார்கள். இருந்தாலும் அந்த வழியை என் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு நடப்பார்கள். டிசம்பர் 26 அன்று இங்கே மீன்பிடிக்கப் போவதில்லை. பெண்கள் பாலும் பூவும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போகிறார்கள். நான் போய்ப் பின்னால் நிற்பேன்.

நடைமுறையில் எங்களை ஆட்டிவைத்தது மழைதான். வந்த முதல் வருஷமே, 2022 நவம்பர் 11ஆம் தேதி, பக்கத்து சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை! சீர்காழி, தரங்கம்பாடி தாலுக்கா குடும்பங்களுக்கு அரசாங்கம் ஆயிரம் ரூபாய் நிவாரணம் கொடுத்தது. மூன்று நாள் எங்கள் வீட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கு, மெழுகுவர்த்தி, அரிசி, பருப்பு, மாமியாரின் மருந்து, ஒரு மாதத்துக்கு ஐப்பசி பிறக்கும் முன்பே வாங்கி வைத்துவிட வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். அக்கா சொல்லி நாங்களும் வைத்திருந்தோம். பிழைத்தோம்.

இனி எழுதப் போவதைத்தான் சகோதரி கவனமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் அவருக்கும் மாமியார் உடன் இருக்கிறார். 2023 நவம்பரில் ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு அத்தை என்னை எழுப்பினார். "நெஞ்சை என்னமோ அழுத்துதும்மா" என்றார். கை சில்லிட்டிருந்தது. வெளியே கொட்டுகிற மழை. 108க்கு என் மகள்தான் பேசினாள். நிதானமாகத் தெரு அடையாளம் சொன்னாள். எனக்கு வாய் குழறியது. பக்கத்து அரசு மருத்துவமனையில் முதலுதவி செய்து, காரைக்காலுக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். சுமார் பதினைந்து கிலோமீட்டர். வண்டிக்குள் அத்தையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜன்னலில் ஒன்றுமே தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது. 'போனா எல்லாரும் போவோம்' என்று நான் சொன்ன வார்த்தை என் காதிலேயே கேட்டுக்கொண்டிருந்தது.

காரைக்காலில் உயிருக்கு ஆபத்தில்லை என்று ஆனது. ஆனால் ரத்தக் குழாயை உள்ளே பார்க்கப் புதுச்சேரிக்குப் போக வேண்டியிருந்தது. மூன்று மணி நேரத்துக்கு மேல் பயணம். நாத்தனார் சென்னையிலிருந்து நேராகப் புதுச்சேரிக்கு வந்தார். வராந்தாவில் வைத்து என்னைப் பார்த்து, "எங்கம்மாவை ஆஸ்பத்திரி இல்லாத ஊருக்கு இழுத்துட்டுப் போயிட்டீங்க. அவங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா?" என்றார். பெற்ற மகள், அவருக்குக் கேட்க உரிமை உண்டு. நான் பதில் சொல்லவில்லை. என் கணவர்தான், "அது மட்டும் முடிவு பண்ணலை, எல்லாரும் சேர்ந்து பண்ணினது. எதுவா இருந்தாலும் என்னைக் கேளு" என்றார். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அவர் தங்கையிடம் எனக்காகப் பேசியது அதுதான் முதல் தடவை.

ஒரு குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். அத்தை பிழைத்துக்கொண்டார். சென்னைக்கு வந்துவிடுங்கள், நான் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று நாத்தனார் கூப்பிட்டார். அவர் உண்மையாகவேதான் கூப்பிட்டார், குணத்தில் குறை சொல்ல முடியாது. அத்தை போய் ஒன்றரை மாதம் இருந்தார். பொங்கலுக்கு முதல் நாள் போன் வந்தது. "மூணாவது மாடியில உட்கார்ந்து எதிர்வீட்டு ஏசியையே பார்த்துக்கிட்டு இருக்கேம்மா. உன் புருஷனை வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லு" என்றார். இப்போது தினமும் காலையில் மாசிலாமணிநாதர் கோயில் வரை நடக்கிறார். 1306ல் பாண்டியன் காலத்தில் கட்டிய கோயில், முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அங்கே உட்கார்ந்து இரண்டு மூன்று பெரியம்மாக்களோடு ஊர்க்கதை பேசிவிட்டு வருவார். மாத்திரை டப்பா மட்டும் இடுப்பிலேயே இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குப் புதுச்சேரி. அந்தச் செலவும் அலைச்சலும் எங்கள் கணக்கில் நிரந்தரமாக ஏறிவிட்டது. ராத்திரி மழை பெய்தால் எனக்குத் தூக்கம் வராது. அதுவும் நிரந்தரம்தான்.

ஆகவே சகோதரி, அந்த ஊருக்கு வீடு பார்க்கப் போகும்போது ராத்திரி இரண்டு மணிக்கு எங்கே போவது என்பதை விசாரியுங்கள். இதய நோய் பார்க்கிற ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர், வழியில் வெள்ளம் நிற்கிற இடம் உண்டா, எந்த வீட்டில் கார் இருக்கிறது, அவர்கள் எழுப்பினால் எழுந்து வருவார்களா? பள்ளிக்கூடம் பற்றி நூறு பேர் சொல்வார்கள். இதை நாம்தான் கேட்க வேண்டும்.

பள்ளிக்கூடம் என்றதும் ஞாபகம் வருகிறது. மகளின் பத்தாம் வகுப்பு முடிவு 2024 மே 10ஆம் தேதி வந்தது. 438 மார்க். நல்ல மார்க்தான். "சென்னையில இருந்திருந்தா 470 தாண்டியிருப்பா" என்று அண்ணன் சொன்னார். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அதை யார் கண்டார்கள்? ஆனால் கணக்கில் அவளுக்குத் தடுமாற்றம் வந்த அந்த வருஷம் முழுக்க, தினமும் ராத்திரி ஏழரையிலிருந்து ஒன்பது வரை அப்பாவும் மகளும் மொட்டை மாடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். சென்னையில் அவர் வீடு வந்து சேர்வதே ஒன்பது மணிக்கு. மேற்படிப்புக்குப் பயிற்சி வகுப்பு என்று வரும்போது இங்கே வசதி குறைவு, மறுக்க மாட்டேன். கும்பகோணமோ தஞ்சாவூரோ போக வேண்டும். அவளும் பட்டப்படிப்புக்குச் சென்னைக்குத்தான் போவேன் என்று இப்போதே சொல்லிவிட்டாள். போகட்டும்.

இன்னொரு விஷயம். கடற்கரை ஊருக்குப் போனதும் கணவன்மார்களுக்கு ஒரு ஆசை பிடிக்கும், கடலைப் பார்த்த மாதிரி ஒரு மனை வாங்கிப் போடலாம் என்று. என்னவருக்கும் பிடித்தது. தரகர் வேறு, இன்றே முன்பணம் கொடுங்கள் என்று அவசரப்படுத்தினார். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் என்று 1991லிருந்து இருக்கிறது. 2011லும் 2019லும் மாற்றினார்கள். கடல் ஏறும் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அந்த விதிக்குள் வரும், இடத்தைப் பொறுத்து வீடு கட்டவே முடியாமல் போகலாம். தாலுக்கா அலுவலகத்தில் விசாரிக்காமல் கையெழுத்துப் போட விடாதீர்கள். நாங்கள் விசாரித்தோம், வாங்கவில்லை. தரகர் இப்போதும் என்னைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

என் கணவருக்கு அடுத்த மாற்றல் வரப்போகிறது என்று பேச்சு அடிபடுகிறது. இந்த ஊரை விட்டு வரமாட்டேன் என்று மகன் முன்கூட்டியே சண்டை பிடிக்கிறான். அவனுக்கு வலை முடிச்சுப் போடத் தெரியும், வாடைக் காற்று எது கொண்டல் எது என்று முகத்தில் பட்டதும் சொல்வான். இதெல்லாம் பரீட்சைக்கு வராது என்று நான் சொன்னால், "வந்தா நான்தாம்மா ஃபர்ஸ்ட்" என்கிறான். மகள் ஒரு பெட்டியை இப்போதே துடைத்து வைத்திருக்கிறாள். அத்தை ஒன்றும் சொல்லவில்லை.

சகோதரி போவதாக முடிவெடுத்தால், முடிந்தவரை பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதமே போய்விடுங்கள். மழைக்கு முன்னால் நாலு மாதம் கிடைக்கும், அக்கம்பக்கம் பழகலாம், வீட்டில் ஒழுகுகிற இடத்தையும் பார்த்து அடைக்கலாம். தடைக்காலம் முடிந்து மீனும் வந்துவிடும். பித்தளைக் கொக்கி வேண்டுமென்றால் எழுதுங்கள், என்னிடம் நிறைய இருக்கிறது. இரும்பு பீரோவை மட்டும் அண்ணன் வீட்டில் போட்டுவிட்டு வாருங்கள்.

- ஒரு வாசகி, தரங்கம்பாடி